பாடம் 9: மண்ணுக்குள் ஒரு காசு

உடும்பஞ்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்களில், தென்மேற்குப் பருவமழையை ஒட்டிப் புதுச்செடி நடுவதற்குக் குழி எடுக்கும் வேலை நடைபெறும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் மலையேறி வரும் தொழிலாளர், நாள் முழுவதும் மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பர். அம்மண்ணில் என்றேனும் ஒரு பழங்காசு தட்டுப்பட்டால் முதலில் செய்யத்தக்கது யாது? எடுத்துத் துடைத்துப் பார்ப்பது என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடை சரியன்று.

2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கண்ணூர் மாவட்டத்துப் பரிப்பாயி என்னும் ஊரில், ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலுறுதித் திட்டப் பெண்கள் மழைநீர்க் குழி தோண்டிக்கொண்டிருந்தனர். ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு சிறு கலம் தென்பட்டது. வெடிகுண்டாக இருக்குமோ என்று அஞ்சி அதனைத் தூர எறிந்தனர். கலம் திறந்துகொள்ள, முத்துமணிகளும் பொற்பதக்கங்களும் மோதிரங்களும் வெள்ளிக்காசுகளும் சிதறின. அன்றாடக் கூலிக்கு உழைக்கும் அப்பெண்கள் அவற்றைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளவில்லை, உரியோர்க்குத் தெரிவித்தனர். பொருள்கள் காவல்துறை வழியாக நீதிமன்றத்தை அடைந்தன. மறுநாள் அதே இடத்தில் மேலும் சில காசுகள் கிடைத்தன.

மாநிலத் தொல்லியல் துறையினர் அவற்றை ஆய்ந்து, 1659 முதல் 1826 வரையிலான காலத்தவை எனக் கணித்தனர். வெனிஸ் நகரத்துப் பொற்காசுகளால் ஆன காசுமாலை, வீரராயன் பணம், கண்ணூர் அலி ராஜாக்களின் காசு, பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் வழங்கிய காசு ஆகியவை ஒரே கலத்தில் இருந்தன. மலபார்க் கரையில் எத்தனை நாட்டார் வணிகம் செய்தனர் என்பதற்கு அச்சிறு கலமே சான்று.

புதையலின் காலத்தைக் கணிப்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு கலத்திலுள்ள காசுகளுள் எது மிகப் பிந்தியதோ, அது அச்சிடப்பெற்ற ஆண்டிற்கு முன்பு அக்கலம் புதைக்கப்பட்டிருக்க இயலாது. ஆகவே கண்டெடுத்தவர் ஆசைப்பட்டு ஒரே ஒரு காசை ஒளித்து வைத்துக்கொண்டாலும், அதுவே பிந்திய காசாக இருந்துவிட்டால், கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். நூறு காசுகளை ஒப்படைத்தவர்கூட அறியாமலே வரலாற்றை மாற்றிவிட நேரும்.

மண்வெட்டியில் தற்செயலாகத் தட்டுப்படுவது ஒருபுறம் இருக்க, மேலைநாடுகளில் பூங்காக்களிலும் வயல்களிலும் மெட்டல் டிடெக்டர் கொண்டு பழங்காசு தேடுவதைப் பலர் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். கைப்பிடியின் அடியில் வட்டமான கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். அதில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகி மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் இருப்பின் அதனுள் சிறு மின்னோட்டம் தூண்டப்படும். அம்மாற்றத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். தனிக்காசு ஒன்றைப் பெரும்பாலும் ஒரு சாண் ஆழம் வரையில்தான் காட்டும். சோடா மூடிக்கும் துருப்பிடித்த ஆணிக்கும்கூட அது ஒலிக்கும். பூங்காவில் தேடுவோர்க்கு மிகுதியாகக் கிடைப்பவை அவையே! இரும்புச்சத்து மிக்க செம்மண்ணிலோ மண்ணே ஒலியெழுப்பிக் குழப்பும். கருவி கூறுவது உலோகம் இருக்கும் இடத்தை மட்டுமே. அது யார் வைத்தது, எதனுடன் வைத்தது என்பதை அறிய மனிதர்தாம் வேண்டும்.

இங்கிலாந்தில் சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்சன் என்னும் சிற்றூரில், 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், பீட்டர் வாட்லிங் என்னும் உழவரின் சுத்தியல் வயலில் காணாமற்போயிற்று. அதனைத் தேடித் தருவதற்காக அவருடைய நண்பர் எரிக் லாஸ் தம் கருவியுடன் வந்தார். சுத்தியலைத் தேடிய இடத்தில் வெள்ளிக் கரண்டிகளும் பொற்சங்கிலியும் காசுகளும் வெளிப்பட்டன. சிறிதளவு எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தினார். அதிகாரிகளுக்குச் செய்தி சொல்லப்பட்டது. மறுநாளே தொல்லியலார் வந்து எஞ்சியதை முறைப்படி அகழ்ந்தனர். உரோமர் காலத்துக் காசுகள் ஏறத்தாழ 15,000 கிடைத்தன. பெட்டியின் மரம் மக்கிப் போயிருந்தது. ஆயினும் எப்பொருள் எதன்மேல் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தது என்பதை அவர்களால் அறிய முடிந்தது. லாஸ் அனைத்தையும் தாமே வாரி எடுத்திருந்தால் இது இயன்றிராது. அவருக்குக் கிடைத்த 17.5 இலட்சம் பவுன் பரிசை உழவருடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பின்னர்க் கிடைத்தது. அதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது.

அப்புதையலில் உடும்பஞ்சோலை மாணவர்க்கு உரிய செய்தி ஒன்று உண்டு. காசுகளுடன் நான்கு வெள்ளி மிளகுச்சிமிழ்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பெண்ணொருத்தியின் உருவில் அமைந்தது. அடித்தட்டைத் திருகினால் துளைகள் திறந்து மூடும். மிளகுக்கொடியின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசின் வடமேற்குக் கோடியிலிருந்த ஒரு செல்வர் வீட்டு உணவில் இம்மலைநாட்டு மிளகு தூவப்பட்டது. அவ்வணிகத்தின் மறுபாதியே தமிழகத்திலும் கேரளத்திலும் கிடைக்கும் உரோமக் காசுகள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் மட்டும் 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன.

கரூரில் நேர்ந்தது வேறு. அமராவதி ஆற்றுமணலை அரித்துக் காசெடுத்தோர் அவற்றை வணிகரிடம் விற்றனர். அவ்வாறு கைமாறியவற்றுட் பலவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி தேடித் திரட்டி ஆராய்ந்தார். ‘மாக்கோதை’ என்னும் பெயரும் மன்னன் தலையுருவமும் பொறித்த சேரர் வெள்ளிக்காசு அவ்வாறே வெளிச்சத்திற்கு வந்தது. அவர் முயன்றிராவிடில் பல காசுகள் உருக்கப்பட்டு மறைந்திருக்கும். ஆயினும் அவை ஆற்றின் எப்பகுதியில், எவற்றுடன் கிடந்தன என்பதை இனிக் காசிடம் கேட்டறிய இயலாது. ஆறு புரட்டிய காசுக்கு இடம் ஏது என வினவலாம். அவ்வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும் உடன் கிடந்த ஓர் ஓடுகூடக் காலத்தைச் சொல்லியிருக்கும். இப்போதோ எழுத்தின் வடிவையும் உருவ அமைப்பையும் கொண்டே காலத்தை உய்த்துணர வேண்டியுள்ளது.

பழங்காசைப் புளி இட்டுத் துலக்குவதும் தீங்கே. செப்புக்காசின் மேற்பூச்சுடன் எழுத்தும் தேய்ந்து போகும். மண் ஒட்டியபடியே தாளில் பொதிந்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். மேலும் தோண்டுதல் கூடாது. இந்தியப் புதையல் சட்டம் 1878இல் இயற்றப்பட்டது. கேரளம் 1968இல் தனிச்சட்டம் இயற்றியது. புதையல் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து வழியாகத் தெரிவித்தல் வேண்டும். உடும்பஞ்சோலையில் இருப்போர் கிராம அலுவலகத்தையோ காவல் நிலையத்தையோ முதலில் அணுகினால், செய்தி அவ்வழியே ஆட்சியரைச் சென்றடையும்.

சொல்லும் பொருளும்
கலம் – பாத்திரம்
சிமிழ் – மூடியுள்ள சிறு கொள்கலம்
உய்த்துணர்தல் – குறிப்புகளைக் கொண்டு ஆராய்ந்து அறிதல்

விடை எழுதுக
1. ஒரு காசை மட்டும் மறைத்து வைத்தால் புதையலின் காலக்கணிப்பு எவ்வாறு பிழைபடும்?
2. ஹாக்சன் புதையலுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் உள்ள தொடர்பு யாது?
3. பரிப்பாயியில் காசுகள் கிடைத்த முறையையும் கரூரில் கிடைத்த முறையையும் ஒப்பிட்டு எழுதுக.

செய்து பார்க்க
வீட்டிலுள்ள பழைய காசு ஒன்றைத் தாளின் அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கவும். அது வீட்டிற்கு எவ்வாறு வந்தது எனப் பெரியோரிடம் கேட்டு, படியின் கீழே எழுதவும்.