பனியில் கிடக்குமா பூனை?

கேள்வி: டொக்டர், நாங்கள் நோர்வேயின் லில்லஹாமரில் இருக்கிறோம். பத்து வயது மகள் ‘ஸ்கூக்கத்’ பூனைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது காட்டுப் பூனை, மைனஸ் 20இலும் வெளியே கிடக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கராஜில் ஒரு பெட்டி வைத்தால் போதுமா? கோடையில் முடியை வழித்துவிடலாமா? ஜூலையில் ஐந்து கிழமை யாழ்ப்பாணம் போகவும் இருக்கிறோம்.
— ஒரு தாய், லில்லஹாமர்

பதில்: சகோதரி, கராஜ் வேண்டவே வேண்டாம்.

‘ஸ்கூக்கத்’ என்றால் காட்டுப் பூனைதான். ஆனால் பெயரில் காடு இருந்தாலும் தலைமுறை தலைமுறையாக இந்தப் பூனை வளர்ந்தது நோர்வேயின் பண்ணைகளில்தான். எலி பிடித்துத் திரியும். குளிர் இறுகினால் மாட்டுக் கொட்டிலுக்குள்ளோ வைக்கோலுக்குள்ளோ புகுந்துகொள்ளும். மாடுகளின் உடம்புச் சூடு அங்கே இருந்தது, உங்கள் கராஜில் இல்லை. கராஜில் இன்னோர் ஆபத்தும் உண்டு. காருக்கு ஊற்றும் உறையாத் திரவத்தில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல் இருக்கும். கீழே சிந்தியதைப் பூனை இரண்டு தேக்கரண்டி அளவு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும், உயிரும் போய்விடும்.

முடியைப் பற்றிக் கேட்டீர்கள். வளர்ந்த பூனையின் முதுகில் விரலால் வகிடு எடுத்துப் பாருங்கள். மேலே நீளமான, எண்ணெய்ப் பிடிப்புள்ள முடி. மழையும் பனியும் அதில் வழுக்கி இறங்கிவிடும். அடியில் பஞ்சுபோல நெருங்கிய குறுமயிர், உடம்புச் சூட்டில் வெதுவெதுத்த காற்றைப் பிடித்து வைத்திருக்கும். குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். முடி அடிவரை நனைந்தாலோ சிக்குப் பிடித்தாலோ அது நிற்காது. காது நுனியில் குஞ்சம் இருந்தாலும் அங்கே தோல் மெல்லியது. பனிக்கடி காதில்தான் சீக்கிரம் பிடிக்கும்.

ஒரு பெப்ரவரியில் என்னிடம் ஓர் ஆண் பூனையைக் கொண்டுவந்தார்கள். பார்க்கச் சிங்கக்குட்டிபோல இருந்தது. சோம்பேறியாகிவிட்டது, மரமேறுவதில்லை என்றார்கள். முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். கமக்கட்டில் முடி கம்பளித் துண்டுபோல இறுகிக் கிடந்தது. மெல்ல மெல்ல வெட்டி எடுத்தால் அடியில் தோல் சிவந்து நீர் கசிந்தது. ஒவ்வோர் எட்டுக்கும் அந்தத் தோல் இழுபட்டிருக்கும். மரத்தில் தலைகீழாக இறங்கக்கூடிய இனம் அது, பாவம், கதிரையில் ஏறவே யோசித்தது.

ஆகவே கிழமைக்கு ஒருமுறை இரும்புச் சீப்பால் அடிவரை வாருங்கள். வசந்தத்தில் உள்முடி கொத்துக் கொத்தாக உதிரும், அப்போது தினமும் வார வேண்டும். வழிப்பது தேவையில்லை. கோடைக்குப் பூனை தானாகவே பாரத்தைக் குறைத்துக்கொள்ளும். வால் மட்டும் அப்படியே அடர்த்தியாக இருக்கும். வழித்தால் மேல்முடி பழையபடி வர மாதக்கணக்காகும். லில்லஹாமரில் குளிர் அதுவரை காத்திருக்காது.

குட்டி வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். இந்த இனத்தில் நான்காம் வகைக் கிளைக்கோஜன் சேமிப்பு நோய் என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. நோயுள்ள குட்டிகளில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இறந்துவிடும். தப்பிய குட்டி ஐந்து மாதம்வரை ஓடி விளையாடும். பிறகு தசை தளர்ந்து நம் கண்முன்னே ஒடுங்கிப் போகும். வைத்தியம் இல்லை. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், பெற்ற பூனைகளின் மரபணுச் சோதனைத் தாளைக் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். இதயத் தசை தடிக்கும் நோய்க்கு அவற்றை ஸ்கேன் செய்தார்களா என்றும் கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர்ப் பூனைகளோடு கலந்து அருகிப்போன இனம் இது. 1975இல் நோர்வேயில் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்து, தேடித் தேடி மீட்டார்கள். 1977இல் சர்வதேசப் பூனைக் கூட்டமைப்பான ஃபிஃபே அங்கீகரித்தது. அப்படி மீட்ட ஒன்றை வெறும் தோற்றத்துக்காக விற்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

யாழ்ப்பாணம் போய்வந்த பிறகே குட்டியை எடுங்கள். புது வீட்டுக்கு வந்த குட்டியை ஐந்து கிழமை அயலாரிடம் விடுவது பாவம். ஓகஸ்டில் எடுத்தால் குளிருக்கு முன் வீடு பழகிவிடும். முழு வளர்ச்சிக்கு ஐந்து வருடம்கூட ஆகும், மகளுக்குப் பொறுமை வேண்டும். சீப்பை முதல் கிழமையிலேயே அவளிடம் கொடுங்கள். சிறுவயதில் பழகிய பூனை பெரிதானாலும் மடியில் கிடந்து வாரவிடும். கமக்கட்டை மட்டும் நீங்கள் பாருங்கள்.