கோலத்தை மரத்தில் அறுப்பது எப்படி?

செம்பரம்பாக்கத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே ஒரகடம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளியே வந்த காலம் தொட்டு, இந்தப் பாதையில் இரும்புக்குச் சமமாக ஒரு மரமும் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அது பைன் மரம். கொரியா, ஜப்பான், ஜெர்மனியிலிருந்து எந்திரங்களும் உதிரி பாகங்களும் வரும் பெட்டிகளும் பாலெட்டுகளும் பெரும்பாலும் பைன் பலகைதான். சரக்கு இறங்கியதும் அது கழிவாகிவிடுகிறது. தொழிற்சாலைகள் அதை ஒப்பந்தக்காரர்களுக்கு விற்கின்றன. அவர்களிடமிருந்து பழைய மரக் கடைக்கும் காயலான் கடைக்கும் போகிறது, பாதி அடுப்புக்கு.

வீட்டில் ஸ்க்ரோல் சா வைத்து மரவேலை பழக நினைப்பவருக்கு இதைவிட நல்ல மரம் இந்த வட்டாரத்தில் கிடைக்காது. மென்மையானது, நேரான ரேகை உள்ளது, வீணானாலும் மனம் நோகாது. வடிவத்துக்கும் எங்கேயும் தேட வேண்டியதில்லை. நம் வாசலில் போடும் சிக்குக் கோலம் இந்தக் கருவிக்கென்றே வரைந்தது போல இருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் கருவி.

கருவி வாங்கும்முன்

கடையில் ஸ்க்ரோல் சா என்று கேட்டால் பலர் ஜிக் சாவை எடுத்து நீட்டுவார்கள். ஜிக் சாவில் பலகை நிலையாக இருக்கும், கருவி நகரும். ஸ்க்ரோல் சாவில் எந்திரம் மேசையில் நிற்கும். மயிரிழை போன்ற பிளேடு மேலும் கீழும் போய்வரும். பலகையைத்தான் நாம் திருப்பித் திருப்பி ஊட்ட வேண்டும். பிளேடின் இரு முனையையும் கழற்றி மாட்டலாம் என்பதால், பலகையின் நடுவில் ஒரு துளை போட்டு அதன் வழியே பிளேடைக் கோத்து, ஓரத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் வெட்டி எடுக்க முடியும். இந்த ஒரு வசதிக்காகத்தான் இந்தக் கருவியே.

எடுத்த எடுப்பில் எந்திரம் வாங்காதீர்கள் என்பதே என் யோசனை. நகை ஆசாரிகள் தகடு அறுக்கும் சிறிய சட்டவாள் சௌகார்பேட்டைப் பக்கம் நகைப்பட்டறைச் சாமான் கடைகளில் கிடைக்கும். மரத்துக்கான ஃப்ரெட் சாவும் அதே அமைப்புதான், சட்டம் மட்டும் ஆழமானது. ஒரு துண்டுப் பலகையில் ‘வி’ வடிவப் பிளவு வெட்டி மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அந்தப் பிளவின் மேல் 3 அல்லது 4 மி.மீ. பிளைவுட்டை வைத்து, சட்டவாளைச் செங்குத்தாகப் பிடித்து, பல் கீழ்நோக்கி இருக்க, மெல்ல அறுங்கள். சில வாரம் இப்படி அறுத்தும் சலிக்கவில்லை என்றால் எந்திரத்துக்குப் பணம் போடலாம்.

எந்திரத்தில் மூன்று விஷயம் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். பின் உள்ள பிளேடு, பின் இல்லாத பிளேடு இரண்டையும் பிடிக்க வேண்டும். பின் உள்ளதை மட்டும் பிடிக்கும் மலிவான எந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அந்தப் பின் நுழைய ஐந்தாறு மி.மீ. துளை வேண்டும், நுண்ணிய வேலைக்கு அது பள்ளம் மாதிரி. பின் இல்லாத பிளேடு 2 மி.மீ. துளையில் நுழைந்துவிடும். மூன்றாவது, நடுங்காத கனமான அடிப்பகுதி. 16 அங்குலக் கழுத்து உள்ள எந்திரம் வீட்டுக்குப் போதும். மேசையோடு போல்ட் போட்டு, அடியில் ரப்பர் விரிப்பு வையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் எல்லா மாடியிலும் இருக்கிற ஊர் இது.

பலகையில் முத்திரையைப் படிப்பது

நாடு விட்டு நாடு போகும் சரக்கோடு வரும் கட்டைகளில் பூச்சிகளும் பயணம் செய்வதால், அவற்றைச் சுத்திகரித்து முத்திரை குத்த வேண்டும் என்று 2002-இல் ஒரு சர்வதேச விதி வந்தது. பலகையின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற சின்னம், நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஓர் எண், பிறகு சுத்திகரிப்பு முறைக்கான இரண்டு எழுத்துகள் இருக்கும். ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் உள்மையம் வரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தது என்று பொருள். அதைத் தாராளமாக எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகையில் வைத்த மரம். அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எண்ணெய்க் கறை, ரசாயன வாடை உள்ள பலகையும் வேண்டாம். முத்திரையே இல்லாதவை பெரும்பாலும் உள்நாட்டில் அடித்த பாலெட்டுகள். எங்கே, எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்தால் ஒழிய விட்டுவிடுங்கள். தொழிற்சாலை வாசலில் கிடக்கிறதே என்று தூக்கி வருவதும் கூடாது. அது யாரோ ஏலம் எடுத்த சொத்து.

பாலெட்டை நெம்பி உடைத்தால் பலகை பிளக்கும். ஆணிகளை இரும்பறுக்கும் ரம்பத்தால் இடையிலேயே அறுத்துப் பிரிப்பது நல்லது. பிறகு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பலகை முழுக்க நகர்த்துங்கள். உள்ளே புதைந்த ஆணித் துண்டு இருந்தால் காந்தம் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்யாமல் தச்சரிடம் இழைக்கக் கொடுத்தால் அவர் இழைப்புளியின் வாய் போய்விடும். கணு இல்லாத, ஏறக்குறைய 10 செ.மீ. அகலமுள்ள பலகையாகப் பார்த்து, இரு பக்கமும் இழைத்து 15 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கோலம் ஏன்?

துளைத்து வெட்டும் வேலையில் புதியவர்களுக்கு வரும் பெரிய தலைவலி, நடுவில் இருக்கும் துண்டு கழன்று விழுவது. ‘ஓ’ என்ற எழுத்தை வெட்டினால் அதன் உள்வட்டம் தரையில் கிடக்கும். எந்தப் படத்தை எடுத்தாலும் எது நிற்கும், எது விழும் என்று யோசித்து ஆங்காங்கே பாலம் வைக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இழையை அகலமான பட்டையாக நினைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டி எறிந்தால், பட்டை முழுவதும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பல கோலங்கள் ஒரே இழையில் முடியாமல் இரண்டு மூன்று கண்ணிகளாக இருக்கும். அப்போதும் அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் மரம் ஒட்டியே இருப்பதால் பிரியாது.

இன்னொரு பொருத்தம் புள்ளி. இழை ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைக்கிறது. அந்தப் புள்ளியில்தான் டிரில் இறங்க வேண்டும். அந்தத் துளை வழியாகத்தான் பிளேடு நுழையும். துளை எங்கே போடுவது என்று தேடவே வேண்டாம், கோலமே குறித்துக் கொடுத்துவிடுகிறது. கோலத்தின் கட்டமைப்பை வைத்துத் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கணினி அறிவியல் ஆய்வே எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு ஒழுங்கு அந்தப் புள்ளிக்குள் இருக்கிறது.

முதல் கோலம் சின்னதாக இருக்கட்டும்: நேர்ப்புள்ளி 3, மேலும் கீழும் ஒவ்வொன்று, மொத்தம் 5. புள்ளிக்குப் புள்ளி 3 செ.மீ. காகிதத்தில் சுழித்துப் போட்டு, இழையை 6 மி.மீ. பட்டையாகத் தடித்து வரையுங்கள். இந்தக் கோலத்தில் உள்ளே இருப்பது 5 அறைகள்தான், 5 துளைகள் போதும்.

ஒட்டுவதற்கு முன் ஒரு கவனம். புள்ளி வரிசை மரத்தின் ரேகையோடு இணையாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் இழைகள் எல்லாம் ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஓடும். எல்லாம் ஒரே அளவு வலுவாக இருக்கும். அழகுக்காகக் கோலத்தைச் சாய்த்து ஒட்டினால், பாதி இழைகள் ரேகையை நேர்க்குறுக்காக வெட்டும். கை பட்டாலே ஒடியும். ரேகை ஓடும் திசையில் இரு கோடியிலும் வளைந்து திரும்பும் முனைகளை மட்டும் 8 மி.மீ. ஆக்குங்கள், அங்கேதான் மரம் பலவீனம்.

அறுக்கும் வரிசை

பலகையில் பேப்பர் டேப்பை ஒட்டி, அதன் மேல் பசை தடவிக் கோலத்தாளை ஒட்டுங்கள். முடிந்ததும் டேப்போடு உரித்துவிடலாம். தாளின் மேல் பளபளப்பான செலோ டேப் ஒரு அடுக்கு ஒட்டினால் பிளேடு சூடேறி விளிம்பு கருகுவது குறையும். புள்ளிகளில் 2 மி.மீ. டிரில். அடியில் ஒரு வேண்டாத கட்டை வைத்துத் துளைத்தால் பின்பக்கம் சிராய் எழாது.

15 மி.மீ. பைனுக்கு 5-ஆம் எண் பிளேடு. எண் கூடக் கூடப் பிளேடு பருமனாகும்; மெல்லிய பிளைவுட்டுக்கு 1 முதல் 3 வரை. பல் கீழ்நோக்கியே மாட்ட வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், மேலே தடவும்போது கீறினால் சரி. இழுவிசை இதில் பாதி உயிர். மாட்டிய பிளேடை விரலால் மீட்டினால் ‘டிங்’ என்று தெளிவான ஒலி வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் தளர்ச்சி. வெட்டு செங்குத்தாக இறங்காமல் வயிறு தள்ளும், மேலே சரியாகத் தெரியும் கோலம் அடியில் கோணிப் போகும். மேசை பிளேடுக்குச் செங்குத்தா என்பதையும் சிறிய மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

கோலத்தில் இறங்கும்முன் வேண்டாத துண்டில் நேர்கோடும் வளைவும் அறுத்துப் பழகுங்கள். நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக இழுக்கும். எந்திரம் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். பிளேடு தயாராகும்போதே ஒரு விளிம்பு கூடுதல் கூர்மையாகிவிடுவதால் வருவது அது. பலகையைச் சில பாகை திருப்பி ஊட்டினால் கோடு பிடிபடும். வேகம் மிதமாக இருக்கட்டும். அழுத்தவே அழுத்தாதீர்கள்: பிளேடு பின்னால் வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள்.

நடு அறையை முதலில் வெட்டுங்கள், பிறகு சுற்றியுள்ள நான்கு, வெளி விளிம்பு கடைசி. வெளியை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க மரமே இருக்காது. ஒவ்வோர் அறைக்கும் எந்திரத்தை நிறுத்தி, பிளேடின் மேல்முனையைக் கழற்றி, துளையில் கோத்து, மறுபடி இறுக்க வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும், இதில் குறுக்கு வழி கிடையாது. இழைகள் வெட்டிக்கொள்ளும் மூலைகளில் திரும்ப முயலாமல், மூலை வரை போய், வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கி, மறுபக்கத்திலிருந்து வந்து சேருங்கள். மூலை கூர்மையாக நிற்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி, எந்நேரமும். மூக்குக்குச் சாதாரணத் துணி போதாது, என்-95 வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே அறுக்காதீர்கள், பால்கனி நல்லது. துப்பட்டா, முந்தானை, தொங்கும் சட்டைக்கை, விரித்த கூந்தல் எதுவும் அருகில் வரக் கூடாது. விரல்கள் பிளேடின் இரு பக்கமும் இருக்கலாம், நேர் எதிரே ஒருபோதும் வேண்டாம். பிளேடு ஒடிந்தால் ‘பட்’ என்று சத்தம் வரும். பலகையை இழுக்காமல் முதலில் சுவிட்சை அணையுங்கள்.

மெருகு

120 உப்புத்தாள், பிறகு 220. அறைகளின் உள்ளே ஊசி அரமும், தாளைப் பட்டையாக மடித்ததும். மேற்பூச்சுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு எனக்குப் பிடித்தது. பைனில் தேன் நிறம் கொடுக்கும், சீக்கிரம் காயும். செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியை நெருங்குகிறது என்று செய்தி வரும் ஐப்பசி, கார்த்திகை நாட்களில் மட்டும் பூசாதீர்கள். காற்றின் ஈரத்தில் அரக்கு வெண்மையாகப் பூத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் தடவுபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. ஐப்பசி, கார்த்திகையில் எந்திரத்தின் இரும்பு மேசையும் துருப்பிடிக்கும். மெழுகுவர்த்தி தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் பலகையும் வழுக்கிக்கொண்டு நகரும்.

இது கைவந்தபின் மூன்றுக்கு மூன்று, 9 புள்ளிக் கோலத்துக்குப் போங்கள். அதில் 9 அறைகளோடு, நான்கு நான்கு புள்ளிகளுக்கு இடையே 4 சந்துகளும் இருக்கும். அவற்றுக்கும் தனித்தனியே துளை வேண்டும், ஆக 13. புள்ளி இடைவெளியைக் கூட்டிப் போட்டால் பாலெட் பலகையின் அகலம் போதாது. அப்போது இரண்டை அருகருகே பசை போட்டு ஒட்டுங்கள், ஒட்டு கோடு ஒரு புள்ளி வரிசையின் மேலேயே போகட்டும். பசையும் கிளாம்பும் ஓர் இரவு இருக்கட்டும், மறுநாள் இழைத்துவிட்டுத் துளை போடலாம்.