சைலன்சர் மாற்றப் போகிறீர்களா?

மளிகை மண்டி வைத்திருப்பவருக்கும் சைலன்சருக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். பட்ட பாடுதான் எழுத வைக்கிறது.

நமது கடைக்குச் சரக்கு ஓட்டும் பெட்ரோல் மினி வேன் இரண்டு வருடத்துக்கு முன் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பட்டறையில் விட்டோம். "உள்ளே அடைத்துக் கொண்டது முதலாளி, குழாயை முழுசாக மாற்றி விடலாம். பழசை நான் எடுத்துக்கொண்டு பில்லில் ஐந்நூறு ரூபாய் கழித்துக் கொள்கிறேன்" என்றார் மெக்கானிக். பழைய இரும்புக்கு ஐந்நூறு நல்ல விலைதானே என்று தலையாட்டி விட்டோம். பிறகு புகைச் சான்றிதழ் புதுப்பிக்கப் போனால் வண்டி தேறவில்லை. பழைய குழாயோடு கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் போயிருந்தது! அதைத் திரும்ப வாங்கி மாட்டியதில் ஐந்நூறைப் போலப் பல மடங்கு செலவாயிற்று.

இந்தக் கன்வர்ட்டர் என்பது என்ஜினுக்கும் சைலன்சருக்கும் இடையில் இருக்கும் தகர டப்பா போன்றது. உள்ளே தேன்கூடு மாதிரிக் கண்கள். அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். எரியாத பெட்ரோல் ஆவியையும் நச்சு வாயுவையும் கேடு குறைந்தவையாக மாற்றுவது இந்தப் பூச்சுதான். பூச்சின் எடை சில கிராம்தான், ஆனால் நகைக்கடைச் சரக்கு. இதை இரும்புக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பது குங்குமப்பூவை மஞ்சள் விலைக்குத் தள்ளுவதற்குச் சமம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995லேயே இது கட்டாயமாகி விட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் சேர்ந்தது. அதையும் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. கேட்க வேண்டாம்.

இந்தப் பாடம் நமக்குக் கைகொடுத்தது தம்பி மகன் விஷயத்தில். டர்போ பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறான். "பெரியப்பா, ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் போட்டால் வண்டி பறக்கும்" என்றான். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற வயதா? சரி, விசாரித்து வாங்கு என்று கூடவே போனோம்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது, குழாய் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. கன்வர்ட்டருக்குப் பின்னாலிருந்து மட்டும் மாற்றுகிற வகையும் இருக்கிறது, கன்வர்ட்டரையே தூக்கி விடுகிற வகையும் இருக்கிறது. இரண்டாவது வகையில் சக்தி கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். ஆனால் கன்வர்ட்டருக்குப் பின்னே உள்ள ஆக்சிஜன் சென்சார் கோளாறைக் காட்டி டாஷ்போர்டில் விளக்கு எரியும், புகைச் சோதனையிலும் தேறாது.

இரண்டாவது, குழாயின் அகலம். பெரிய குழாய் என்றால் பெரிய சக்தி என்பது தப்புக் கணக்கு. டர்போ உள்ள வண்டியில் புகை தாராளமாக வெளியேறினால் ஓரளவு பலன் உண்டு. டர்போ இல்லாத சாதாரண என்ஜினில் அளவுக்கு மீறி அகலப்படுத்தினால் புகையின் வேகம் குறைந்து, மெதுவாகப் போகும்போது இழுவை குறையும். மூட்டை ஏற்றி மேம்பாலம் ஏறும் வண்டிக்கு அந்த இழுவைதானே வேண்டும்!

மூன்றாவது சரக்கின் தரம். துவரம்பருப்பைக் கடித்துப் பார்த்து வாங்குகிற நமக்கு இது கஷ்டமில்லை. எல்லாவற்றையும் 'எஸ்.எஸ்.' என்றுதான் விற்கிறார்கள். சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் அநேகமாக ஒட்டாது. 409 ரகத்தில் ஒட்டும். அதுவும் சைலன்சருக்கு உகந்த ரகம்தான். ஆனால் 304 விலை கொடுத்து 409 வாங்கக் கூடாது.

பட்டறையில் ஆக்சிலேட்டரை முறுக்கிக் காட்டும் சத்தத்தில் மயங்க வேண்டாம். அதே குழாய் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் வண்டு குடைவது போல ரீங்காரம் போடலாம். அதே குழாய் மாட்டிய இன்னொருவர் காரில் அரை மணி நேரம் போய்ப் பார்த்தபின் பணத்தை எடுத்தால் போதும்.

சட்டத்தையும் சொல்லி விடுகிறோம். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சத்தம் மற்றும் புகை அளவை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். லைசென்சும் மூன்று மாதம் செல்லாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்பது தனி. அந்த அபராதம் சொந்தக்காரர் தலையில்தான் விழும், டிரைவர் தலையில் அல்ல.

தம்பி மகன் கடைசியில் கன்வர்ட்டரைத் தொடாமல், பின் சைலன்சரை மட்டும் சத்தம் அடங்கிய ரகமாகப் பார்த்து மாற்றினான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்து விட்டான். பறக்கிறதா என்று கேட்டோம், சிரிக்கிறான்.

கடை வேனுக்கு இந்த வம்பெல்லாம் தேவையில்லை. கம்பெனி அளவிலேயே மாற்றுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. தெருத்தெருவாக நின்று நின்று போகும் டெலிவரி வண்டியில் சைலன்சர் சரியாகச் சூடேறாமல் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருவாக்கும். வாரம் ஒரு நாளாவது ஒரு இருபது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். அடியில் சிறு துளை இருந்தால் அது ஓட்டை அல்ல, தண்ணீர் வடிய வைத்த வழி. வெல்டிங் வைத்து அடைத்து விடாதபடி டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.