பிரிட்டனின் சிவப்பு அணில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லண்டன் போய்வந்தவர்களின் கைபேசியில் தவறாமல் ஒரு படம் இருக்கும். பூங்காவில் யாரோ நீட்டும் கடலையைப் பயமின்றி வாங்கித் தின்னும் கொழுத்த அணில். முதுகில் கோடு இல்லை, வால் மட்டும் புசுபுசுவென்று பெரிது. "இங்கிலாந்து அணில்" என்று காட்டுவார்கள். உண்மையில் அது வட அமெரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்ட சாம்பல் அணில். பிரிட்டனின் சொந்த அணில் சிவப்பு. அதைப் பார்க்க ஸ்காட்லாந்துக்கோ, இங்கிலாந்தின் வட கோடியில் உள்ள கீல்டர் காட்டுக்கோ, தெற்கே வைட் தீவு போன்ற இடங்களுக்கோ போகவேண்டும். மிஞ்சியிருப்பவற்றைக் காக்க ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள். அணிலைப் பற்றியும் அவர்கள் வேலையைப் பற்றியும் பிரிட்டனிலேயே தவறான நம்பிக்கைகள் நிறைய உலவுகின்றன.

நம்பிக்கை: சாம்பல் அணில் சிவப்பு அணிலைக் கடித்துத் துரத்திவிட்டது.

உண்மை: நேரடிச் சண்டை அபூர்வம். 1876இல் செஷயரில் உள்ள ஹென்பரி பார்க்கில் தாமஸ் பிராக்கில்ஹர்ஸ்ட் என்ற செல்வந்தர் சாம்பல் அணில்களைத் திறந்துவிட்டதுதான் பதிவான முதல் விடுவிப்பு. தோட்டத்துக்கு அழகு என்று நினைத்தார்கள். பிறகு பெட்ஃபோர்டு கோமகன் தன் வோபர்ன் தோட்டத்திலிருந்து பலருக்கும் அவற்றைப் பரிசாக அனுப்பினார். வந்த அணில் உருவத்தில் பெரியது. ஓக் மரத்தின் காயைப் பழுக்கும் முன்பே தின்று செரித்துவிடும். சிவப்பு அணிலுக்கு அது முடியாது. குளிர்காலத்துக்கு முன் உடம்பில் கொழுப்பு ஏறாத தாய் குட்டி போடுவது குறையும். போட்டியில் தோற்பது என்பது இப்படித்தான், சத்தமில்லாமல், தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

இதைவிடக் கொடியது அணில் அம்மை வைரஸ். சாம்பல் அணில் அதைச் சுமந்துகொண்டு நன்றாகவே நடமாடும். சிவப்பு அணிலுக்குத் தொற்றினால் கண், வாய், பாதங்களைச் சுற்றிப் புண் வந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் இறந்துவிடும். 2008இல் லிவர்பூலுக்கு வடக்கே ஃபார்ம்பி கடற்கரைக் காட்டில் அம்மை பரவியபோது அங்கிருந்த அணில்களில் பெரும்பகுதி மடிந்தது. தப்பியவற்றிலிருந்து அந்தக் கூட்டம் மெல்ல மெல்லத் தேறியது.

நம்பிக்கை: செம்மயிர் தெரிந்தால் சிவப்பு அணில்.

உண்மை: சாம்பல் அணிலின் முதுகிலும் விலாவிலும் செம்பழுப்பு படர்வதுண்டு, சிவப்பு அணில் குளிர்காலத்தில் சாம்பல் பூத்துத் தெரியும். காதுக் குஞ்சமும் கோடையில் உதிர்ந்துவிடும். வாலைச் சுற்றி வெள்ளை விளிம்பு இருந்தால் சாம்பல் அணில் என்று எடுத்துக்கொள்ளலாம். எதற்கும் படம் எடுத்து அனுப்பும்படி தன்னார்வலர்கள் சொல்வார்கள்.

நம்பிக்கை: சிவப்பு அணிலை பிரிட்டிஷ்காரர்கள் எப்போதும் கொண்டாடியே வந்தார்கள்.

உண்மை: பியாட்ரிக்ஸ் பாட்டரின் 'ஸ்குவிரல் நட்கின்' கதை 1903இல் வெளிவந்தது. அதன் நாயகன் சிவப்பு அணில். அதே 1903இல்தான் ஸ்காட்லாந்தில் 'ஹைலேண்ட் அணில் சங்கம்' தொடங்கப்பட்டது. பைன் மரங்களைப் பாழாக்குகிறது என்று சொல்லிச் சிவப்பு அணிலைக் கொல்வதற்கான சங்கம் அது. பல பத்தாயிரம் அணில்களைக் கொன்று, வாலுக்குக் காசும் கொடுத்தது. ஆக, எல்லாப் பழியையும் அமெரிக்க விருந்தாளியின் தலையில் போடுவது நியாயமில்லை.

நம்பிக்கை: தோட்டத்தில் கடலை வைத்தாலே பெரிய உதவி.

உண்மை: நல்லெண்ணம்தான், ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இரண்டு வகை அணிலும் ஒரே பெட்டியில் மூக்கை நுழைத்தால் அம்மை பரவ அதைவிட நல்ல இடம் கிடையாது. நிலக்கடலையை மட்டுமே தின்றால் சுண்ணாம்புச்சத்தும் குறையும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கடிப்பதற்கு மான் கொம்புத் துண்டும் வைக்கிறார்கள். தன்னார்வலர்கள் காட்டில் தொங்கவிடும் தீனிப்பெட்டி, தீனி போடுவதற்காக மட்டும் வைத்தது அல்ல. அதன் மூடியில் பசைநாடா ஒட்டியிருப்பார்கள். அணில் தலையை நுழைக்கும்போது ஒட்டிக்கொள்ளும் மயிரை நுண்ணோக்கியில் பார்த்து எந்த அணில் வந்தது என்று கண்டுபிடிப்பார்கள். பெட்டியைக் கிருமிநாசினியால் தேய்த்துக் கழுவுவது இந்த வேலையின் சலிப்பான பாதி. என்னைக் கேட்டால் முக்கியமான பாதியும் அதுதான்.

நம்பிக்கை: பிடித்த சாம்பல் அணிலைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடலாமே!

உண்மை: சட்டப்படி முடியாது. ஆக்கிரமிப்பு உயிரினங்கள் குறித்த 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, பிடிபட்ட சாம்பல் அணிலைத் திரும்ப விடுவது குற்றம். தன்னார்வலர் சிலர் தங்கள் தோட்டத்தில் கூண்டுப்பொறி வைத்து, நாள்தோறும் பார்த்து, சிவப்பு அணில் சிக்கினால் உடனே திறந்துவிடுகிறார்கள். சாம்பல் அணில் சிக்கினால், வேதனையில்லாமல் கொல்லப் பயிற்சி பெற்றவர் கொல்கிறார். அணில் பாசத்தில் வந்து சேர்ந்த பலருக்கு இது தொண்டையில் சிக்கும் முள். கருத்தடை மருந்து கலந்த தீனியைப் பற்றி ஆய்வு நடக்கிறது. அது பயனுக்கு வரும்வரை கூண்டுதான் வழி. இந்த உண்மையை மறைத்து அழகான அணில் படத்தை மட்டும் காட்டி ஆள் சேர்ப்பது நேர்மையல்ல என்பது என் கருத்து.

பலன் இருக்கிறதா என்றால், வேல்ஸின் ஆங்கில்சி தீவைப் பார்க்கலாம். 1998இல் அங்கே எஞ்சியிருந்த சிவப்பு அணில்கள் ஏறத்தாழ நாற்பது. அந்த ஆண்டு சாம்பல் அணிலை அகற்றும் வேலை தொடங்கியது. 2015இல் தீவில் சாம்பல் அணில் இல்லை என்று அறிவித்தார்கள். சிவப்பு அணில்கள் பிறகு பல நூறாகப் பெருகின. அதற்காகக் காவலை விட்டுவிட முடியவில்லை. மெனாய் நீரிணையின் மேல் இரண்டு பாலங்கள் இருக்கின்றன. சாம்பல் அணிலுக்கு நீச்சலும் தெரியும்.

நம்பிக்கை: பைன் மார்ட்டன் இனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: மரமேறி வேட்டையாடும் இந்தச் சிறு விலங்கு திரும்பி வந்த இடங்களில் சாம்பல் அணில் குறைந்து சிவப்பு பெருகியதை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது காட்டு விலங்கு. ஊருக்குள் வர விரும்பாது. சாம்பல் அணிலோ நகரப் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும்கூடச் செழிக்கும்.

ஸ்காட்லாந்திலோ வட இங்கிலாந்திலோ வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அணிலைக் கண்டால், எந்த நிறமானாலும், இடத்தையும் தேதியையும் குறித்து உள்ளூர் அணில் குழுவுக்குச் சொல்லுங்கள். கண்ணைச் சுற்றிப் புண்ணோடு ஒன்றைக் கண்டால் அன்றே தீனிப்பெட்டியைக் கழற்றிக் கழுவி வைத்துவிடுங்கள். குழுவினர் சொல்லும்வரை திரும்ப மாட்டவேண்டாம்.