பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு பைப்



வீடு கட்டக் கடன் கேட்டு வரும் உறுப்பினர்களின் செலவுப் பட்டியலில் சிமெண்ட், கம்பி, செங்கல், ஒயரிங் கூலி எல்லாம் இருக்கும். வண்டிக்கு சார்ஜ் போட ஒரு பாயிண்ட் வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. “நம்மகிட்ட ஏதுக்கா கார்?” என்று சிரிப்பீர்கள். சென்னை கே.கே. நகரில் இருக்கும் என் சித்தி மகளும் இப்படித்தான் சிரித்தாள்.

கே.கே. நகர், வீட்டுவசதி வாரியம் 1970களில் உருவாக்கிய பகுதி. அந்தக் காலத்து வீடுகளை இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்த இடம், மேலே வீடு என்று இப்போது கட்டுகிறார்கள். அவளும் அப்படியே கட்டினாள். குடிபோன இரண்டாம் வருடம் மின்சாரக் கார் வாங்கினார்கள். கீழே ஒரு லைட்டுக்கு மட்டும்தான் ஒயர் இருந்தது. முதல் மாடி ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போட்டார்கள். ஒருநாள் விடிந்து பார்த்தால் பிளக் கருகி உருகிக் கிடக்கிறது. நல்லவேளை, அதோடு போயிற்று. பிறகு புதுச் சுவரை வெட்டி, பைப் பதித்து, மறுபடி பூசி, பெயிண்ட் அடித்தார்கள். “பூசறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா ஒரு பைப்பை விட்டுட்டுப் போயிருப்பேனேம்மா” என்றாராம் எலக்ட்ரீஷியன்.

நம் ஊருக்குக் கார் வருகிறதோ இல்லையோ, ஸ்கூட்டர் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் அவை தயாராகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலையே திறந்தாயிற்று.

சரி, பிளக் ஏன் உருகியது? இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர் ஏறக்குறைய இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு கரண்ட்தான் இழுக்கும். ஆனால் பெட்டியை அரை மணியில் அணைத்துவிடுவோம். வண்டியோ நாலைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். கார் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு இழுக்கும், அதுவும் ராத்திரி முழுக்க. ஒயர் மெல்லிசாக இருந்தாலோ, பிளக் லூசாக இருந்தாலோ சூடு ஏறிக்கொண்டே போகும். நாம் தூங்கிக்கொண்டிருப்போம்.

அதனால் ஒயரிங் ஆளிடம் முதலிலேயே சொல்லுங்கள்: மீட்டர் போர்டிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை தனி லைன் வேண்டும். லைட்டுக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. ஒயர் இதற்கு ஆகாது. 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட், அதற்கென்று தனி எம்.சி.பி. போடட்டும். இப்போது ஒயருக்குக் காசு இல்லையா? ஒரு இஞ்ச் பைப்பை மட்டும் சுவரில் பதித்து, உள்ளே ஒரு இழுவைக் கம்பியை விட்டு வையுங்கள். பிற்பாடு சுவரில் கை வைக்காமலே ஒயரை இழுத்துக்கொள்ளலாம். பெரிய கார் சார்ஜருக்கு இன்னும் தடித்த ஒயர் தேவைப்படும். அதற்கும் அந்தப் பைப் உதவும்.

எர்த் விஷயத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். பச்சை ஒயரை இழுத்து எதிலும் இணைக்காமல் சும்மா சுருட்டி விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மழையில் நனைந்த தரையில் நின்று பிளக்கைத் தொடப்போவது நாமும் நம் பிள்ளைகளும்தான். எர்த் குழியைக் கண்ணால் பாருங்கள். கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் கேட்டு வாங்குங்கள்.

பாயிண்டை நெஞ்சு உயரத்தில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கே.கே. நகரை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகர், ஜாபர்கான்பேட்டை பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கார் வாங்குவதாக இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் உங்கள் இணைப்பின் லோடு எத்தனை கிலோவாட் என்று கேட்டு, தேவைப்பட்டால் கூட்டித் தரச்சொல்லி மனு கொடுங்கள். “தோட்டத்து இலவசக் கரண்ட்ல போட்டா என்ன?” என்று ஒரு சகோதரி கேட்டார். கூடாது. அது பம்புசெட்டுக்கு என்று கொடுத்த இணைப்பு. சின்ன ஸ்கூட்டர் பேட்டரி நிறைய ஏறக்குறைய மூன்று யூனிட்தான் ஆகும், வீட்டு மீட்டரிலேயே போடலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில், வீடு கட்டிக்கொண்டிருப்பவர் யார் யார் என்று ஊக்குநர் கேட்கட்டும். யார் வீட்டில் இன்னும் பூச்சு தொடங்கவில்லையோ, அவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்தனுப்புங்கள்.