பெட்டியில் எழுதியது ஒன்று, ஹாலில் தெரிவது ஒன்று

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. வரிக்கு முந்தைய விலை 40,000 ரூபாய் என்றால் 4,000 ரூபாய் மிச்சம். 43 இன்ச் வாங்கப் போனவர் 55 இன்ச் பக்கம் திரும்பிப் பார்க்க அது போதும். போடியில் ஏலக்காய்க்கோ கம்பத்தில் பன்னீர் திராட்சைக்கோ விலை நின்ற வருஷமாகவும் அது அமைந்துவிட்டால் 65 இன்ச் பக்கமும் கண் போகும். தேனி மதுரை ரோட்டிலும் கம்பம் ரோட்டிலும் கடை ஏறி இறங்குகிறவர்கள் விலையை நன்றாகவே விசாரிக்கிறார்கள். மற்ற விஷயங்களில்தான் யாரோ சொன்னதை வைத்து முடிவெடுத்துவிடுகிறார்கள்.

“4கே டிவி வாங்கிட்டா படம் கண்ணாடி மாதிரி தெரியும்”

கடையில் தெரியும். அங்கே ஓடுவது டிவி கம்பெனியே கொடுத்தனுப்பிய படம். கிளி பறக்கும், பூ விரியும், தேன் சொட்டும். நம் வீட்டில் ஓடப்போவது கேபிள். 4கே திரையில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 என்று ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. சாதாரண எஸ்.டி. செட்டாப் பாக்ஸ் அனுப்பும் படத்தில் இருப்பது 720-க்கு 576, அதாவது நாலேகால் லட்சத்துக்கும் குறைவு. ஒன்றை இருபதாக்கும் வேலை டிவியின் தலையில் விழுகிறது. இல்லாததை அது ஊகித்து நிரப்புகிறது. செய்தி வாசிப்பவரின் முகம் வழவழவென்று ஆகி, கீழே ஓடும் எழுத்தின் ஓரம் நெளிவது இதனால்தான். டிவியில் கோளாறு ஒன்றும் இல்லை.

“பழைய டிவியில நல்லாத்தானே தெரிஞ்சுச்சு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2006-ல் வந்த தி.மு.க. அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச கலர் டிவி 14 இன்ச். 55 இன்ச் திரையின் பரப்பு அதைப்போலச் சுமார் 14 மடங்கு. அந்தச் சின்னத் திரைக்குப் போதுமாக இருந்த சிக்னலைத்தான் இன்றைக்கும் பல வீடுகளில் இவ்வளவு பெரிய பரப்பில் இழுத்து விரிக்கிறோம். அரசு கேபிள் 2017-ல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய எஸ்.டி. பாக்ஸே இன்னும் மாறாத வீடுகள் எத்தனையோ.

ஆகவே டிவிக்கு முன்னால் பாக்ஸைக் கவனியுங்கள். கேபிள்காரரிடம் எச்.டி. பாக்ஸ் கேளுங்கள். வந்தபின் அதை எச்.டி.எம்.ஐ. வயரில் மாட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். எச்.டி. பாக்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு, பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரிலேயே படம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்த வயரில் எச்.டி. வராது. ஓ.டி.டி.யிலும் கதை இதேதான். நெட்ஃப்ளிக்ஸில் 4கே கிடைப்பது அதிக விலைத் திட்டத்தில் மட்டும். அதற்கு இணைய வேகமும் 15 எம்.பி.பி.எஸ். அளவுக்கு வேண்டும். 8கே டிவியைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம். அதில் போட்டுப் பார்க்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, கூச்சப்படாமல் செய்யலாம்: “அண்ணே, இந்தக் கிளியை நிறுத்திட்டு ஏதாவது ஒரு கேபிள் சேனலைப் போடுங்க.” சுமாரான படத்தை எந்த டிவி பார்க்கும்படி காட்டுகிறதோ, நமக்கு உதவப்போவது அதுதான்.

“சின்ன ஹாலுக்குப் பெரிய டிவி ஆகாது, கண்ணு போயிடும்”

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1967-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சில பெரிய கலர் டிவிகள் அளவுக்கு மீறி எக்ஸ்-கதிர் கசிந்ததால் திரும்பப் பெறப்பட்டன. கிட்டத்தில் உட்காராதே என்ற எச்சரிக்கை அப்போது நியாயமானதுதான். அந்தக் கதிர் பிக்சர் டியூபும் உயர் மின்னழுத்தமும் இருந்த பெட்டிகளின் சமாச்சாரம். தட்டைத் திரையில் டியூபே கிடையாது. நெடுநேரம் இமைக்காமல் பார்த்தால் கண் உலரும், தலை வலிக்கும். அது எந்த அளவு டிவிக்கும், கையில் இருக்கும் செல்போனுக்கும் பொருந்தும்.

அளவைத் தீர்மானிப்பது ஹாலின் பரப்பு இல்லை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம். டிவியின் இன்ச்சை 1.2-ஆல் பெருக்கினால் கிட்டத்து எல்லை, 1.6-ஆல் பெருக்கினால் தூரத்து எல்லை. 55 இன்ச்சுக்கு அது சுமார் ஐந்தரை அடியிலிருந்து ஏழேகால் அடி. 65 இன்ச்சுக்கு ஆறரையிலிருந்து எட்டரை அடிக்குச் சற்று மேல். சுவரோரம் சோபா போட்ட பத்தடி ஹாலில் கண்ணுக்கும் திரைக்கும் எட்டடி வரும். அதாவது நம் ஊர்ச் சாதாரண ஹாலுக்கே 65 பொருந்தும், சோபாவைச் சற்று முன்னால் இழுத்தால் 55-ம் பொருந்தும். 43 இன்ச்சில் எட்டடி தள்ளி உட்கார்ந்து 4கே பார்ப்பவர், வாங்கிய பிக்சல்களில் பெரும்பகுதியைக் கண்ணால் பிரித்தறியவே முடியாது. ஆனால் எஸ்.டி. கேபிள் மட்டும்தான் என்று உறுதியாக இருப்பவருக்கு நான் 43-க்கு மேல் சிபாரிசு செய்யமாட்டேன். திரை பெரிதானால் படத்தின் குறையும் கூடவே பெரிதாகும்.

அகலத்தை அளக்க மறந்துவிடாதீர்கள். 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை. அகலம் நாலடி, உயரம் இரண்டேகால் அடி. சுவரோடு கட்டிய சிமென்ட் ஷோகேஸில் அது நுழையாது. ஷோகேஸுக்கு மேலே ஏற்றி, நிலைப்படி உயரத்தில் மாட்டினால் பாயில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். வாசலுக்கு நேர் எதிரே மாட்டுவதும் வேண்டாம். பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும் வீட்டில் படத்தைவிடத் தெருதான் நன்றாகத் தெரியும்.

“எல்.இ.டி. பழசு, க்யூ.எல்.இ.டி.தான் இப்ப”

இரண்டும் எல்.சி.டி.தான். பின்னால் எரியும் விளக்கு எல்.இ.டி. என்பதால் ஒரு பெயர், நிறத்தைக் கூட்ட ஒரு படலம் சேர்த்ததால் இன்னொரு பெயர். மினி எல்.இ.டி. என்பதில் அந்தப் பின்விளக்கு சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்து தனித்தனியே மங்கும். வெளிச்சமான ஹாலுக்கு நல்லது. ஓ.எல்.இ.டி. மட்டும் வேறு சாதி. அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிந்து தானே அணையும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். காலையிலிருந்து இரவு வரை ஒரே செய்தி சேனல் ஓடும் வீட்டுக்கோ கடைக்கோ அது வேண்டாம். மூலையில் நிற்கும் சேனல் முத்திரை நாளடைவில் திரையில் தங்கிவிடக்கூடும்.

அட்டைப்பெட்டியில் எச்.டி.ஆர். என்று போட்டிருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர். சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்குப் பொருள். அதைக் காட்டும் அளவு வெளிச்சம் மலிவு டிவிகளில் இருப்பதில்லை.

“கேம் விளையாட 120 ஹெர்ட்ஸ் கட்டாயம்”

பி.எஸ். 5 கேம் கன்சோல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2 அன்று. அதன் பின்னால்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் வாயிலும் ஹெர்ட்ஸ் கணக்கு புழங்க ஆரம்பித்தது. உண்மையில் அதில் பெரும்பாலான கேம்கள் விநாடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம்தான் ஓடுகின்றன. 120 ஓடும் கேம்கள் உண்டு. அதை 4கே-யில் அனுபவிக்க டிவியின் பேனல் நிஜமாகவே 120 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும், எச்.டி.எம்.ஐ. 2.1 துளையும் வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள 120 பல நேரம் அது இல்லை. 60 ஹெர்ட்ஸ் பேனலில் இடையிடையே பொய் ஃபிரேம் செருகுவதையும் அந்த எண்ணால் குறிக்கிறார்கள். நெடுக்குவாட்டுத் துல்லியத்தைப் பாதியாகக் குறைத்து வேகத்தை இரட்டிப்பாக்கும் டி.எல்.ஜி. என்ற உத்தியும் இருக்கிறது. “பேனலோட சொந்த ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு?” என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லையென்றால் கம்பெனியின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

விளையாடுகிறவனைத் தோற்கடிப்பது பெரும்பாலும் ஹெர்ட்ஸ் இல்லை, தாமதம். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையில், படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி நேரம் எடுத்துக்கொள்கிறது. அது 100 மில்லி விநாடி ஆனால் 60 ஃபிரேம் கேமில் ஆறு ஃபிரேம் பிந்திவிட்டோம். கேம் மோடைப் போட்டால் மெருகேற்றும் வேலைகள் நின்று, நல்ல டிவிகளில் தாமதம் பத்துப் பதினைந்து மில்லி விநாடிக்கு வந்துவிடும். செலவே இல்லாத வைத்தியம், ஆனால் மெனுவுக்குள் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது.

நம் பகுதியில் கேம் என்றால் முக்கால்வாசி செல்போன்தான். பி.ஜி.எம்.ஐ.யை வைஃபையில் காஸ்ட் செய்து பெரிய திரையில் ஆடலாம் என்று டிவி வாங்கித் தரச் சொல்லும் பையன்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: காஸ்ட் செய்தால் தாமதம் இன்னும் கூடும், திரையில் எதிரி தெரிவதற்குள் அவன் சுட்டிருப்பான். வயரில் மாட்டினால் சரியாகும். ஆனால் விலை குறைந்த பல போன்களின் சார்ஜர் துளை வழியாகப் படம் வெளியே வராது. முதலில் போனைச் சோதியுங்கள், பிறகு அப்பாவிடம் கேளுங்கள்.

சவுண்ட் பாரும் பி.எஸ். 5-ம் இரண்டும் வைத்திருப்பவர்கள் துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பல டிவிகளில் 2.1 துளை ஒன்றிரண்டுதான், அதில் ஒன்றே சவுண்ட் பாருக்கான ஈ-ஆர்க் துளையாகவும் இருக்கும்.

“படம் எவ்வளவு வழுக்கிக்கிட்டு ஓடுதோ அவ்வளவு நல்ல டிவி”

கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகிறது. டிவி இடையில் ஃபிரேம்களைச் செருகினால் எந்தப் படமும் சீரியல் மாதிரி ஆகிவிடும். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) நம் மலையிலேயே எடுத்த படம், ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். சுமை தூக்கி மலை ஏறும் அந்த நடையை மோஷன் ஸ்மூத்திங் போட்டும் அணைத்தும் பாருங்கள். போட்டுப் பார்த்தால் யாரோ வீடியோ கேமராவோடு பின்னால் போன மாதிரி இருக்கும். மெனுவில் ‘மோஷன்’, ‘எம்.இ.எம்.சி.’ என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும், அணைத்துவிடுங்கள். ‘விவிட்’ என்ற பளபளப்பு மோடையும் மாற்றி ‘சினிமா’வில் வையுங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும். பிறகு மனித முகம் மனித நிறத்தில் இருப்பது பழகிவிடும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது கோளாறு இல்லை. சினிமாஸ்கோப் படம் டிவி திரையைவிட அகலமானது. பட்டையை மறைக்கிறேன் என்று படத்தை இழுத்தால் கதாநாயகி ஒல்லிக்குச்சியாகிவிடுவார்.

“ஸ்டெபிலைசர் வெச்சுட்டா பயமில்லை”

பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால், லோ வோல்டேஜை டிவி தானே சமாளிக்கும். நம் பக்கம் அஞ்ச வேண்டியது ஹை வோல்டேஜுக்கு. மின்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறி வரலாம். அப்போது உதவுவது ஹை-கட் உள்ள ஸ்டெபிலைசர். வாங்கினால் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இடி வேறு. ஸ்டெபிலைசரும் நிறுத்தாது, ஸ்பைக் பஸ்டரும் முழுசாக நிறுத்தாது. வீட்டில் எர்த் சரியில்லையென்றால் ஸ்பைக் பஸ்டரால் பெரிய பயன் இருக்காது. ஆடிச் சாரலில் காற்றுதான் அதிகம். சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான் மலையில் இடியோடு இறங்குபவை. பிளக்கைப் பிடுங்குகிற பலர் கேபிள் வயரை, டிஷ் வயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இடி அந்த வழியாகப் பாக்ஸுக்கும், பாக்ஸிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கும் வரும். இரண்டையும் கழற்றுங்கள்.

கரண்ட் பில் பயம் பெரிதாகத் தேவையில்லை. 120 வாட் எடுக்கும் 55 இன்ச் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இலவச 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும்.

“டால்பி அட்மாஸ் போட்டிருக்கு, தனியா ஸ்பீக்கர் எதுக்கு?”

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் நம் கம்பம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அவர் பாட்டின் பேஸ் கிடாரை டிவி ஸ்பீக்கரில் தேடிப் பாருங்கள். பேஸ் கிடாரின் அடி நாதம் 41 ஹெர்ட்ஸ். விரல் கனத் திரைக்குக் கீழே தரையைப் பார்த்து ஒட்டிய சின்ன ஸ்பீக்கர் அந்தக் காற்றைத் தள்ளவே முடியாது. எந்த எழுத்தை அச்சடித்தாலும் முடியாது. 65 இன்ச்சுக்குப் பதில் 55 வாங்கி, மிச்சத்தில் வூஃபரோடு ஒரு சவுண்ட் பார் வாங்கலாம் என்பது என் கட்சி.

“ஆன்லைன்ல வாங்கினா சர்வீஸ் கிடையாது”

ஆன்லைனோ கடையோ, சர்வீஸ் கொடுப்பது கம்பெனி. கேட்க வேண்டியது பின்கோடை வைத்து: கூடலூருக்கோ மேகமலை அடிவாரத்துக்கோ ஆள் வீட்டுக்கு வருவாரா, இல்லை டிவியைத் தேனிக்கோ மதுரைக்கோ தூக்கி வரச் சொல்வார்களா? தூக்கி வரச் சொல்கிற கம்பெனியின் 65 இன்ச்சை மலிவு என்று சொல்ல மாட்டேன். பேனல் உடைந்தால் வாரண்டி கிடையாது, புதுப் பேனல் விலைக்குக் கிட்டத்தட்ட இன்னொரு டிவியே வாங்கலாம். அதனால் குட்டி யானையில் ஏற்றும்போது படுக்க வைக்க விடாதீர்கள். பெட்டி நின்றபடிதான் வர வேண்டும். கொண்டுவந்தவர் நிற்கும்போதே பிரித்து, ஆன் செய்து, வெள்ளைத் திரை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.