பள்ளி விட்ட பின்னும் ஒரு பள்ளி

பள்ளியில் நாம் கற்கும் காலம் சில ஆண்டுகளே. கற்க வேண்டியவையோ வாழ்நாள் முழுதும் வந்துகொண்டே இருக்கின்றன. பள்ளிக்கு வயது உண்டு, வகுப்பு உண்டு, தேர்வு உண்டு. இவை எவையும் இல்லாத பள்ளி ஒன்றும் உண்டு. அதுவே பொது நூலகம். அங்கே ஏழு வயதுச் சிறுவனும் எழுபது வயது முதியவரும் ஒரே மேசையில் அமர்ந்து கற்கலாம். எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை.

தோட்டத்தில் நடந்த வாசிப்பு

நம் பாகான் செராய், நெல் வயல்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே வளர்ந்த ஊர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் அக்காலப் பிள்ளைகளில் பலர், சில ஆண்டுகள் படித்ததும் பால்மரம் வெட்டச் சென்றனர்.

படிப்பு நின்றது, அறிவு வேட்கை நிற்கவில்லை. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகிய ஏடுகள் தோட்டங்களை எட்டின. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார்; சுற்றி அமர்ந்தோர் கேட்பர்; பின்னர் அதுபற்றி உரையாடுவர். அங்கே கட்டடம் இல்லை, அலமாரி இல்லை. எனினும் நூலகம் செய்ய வேண்டிய பணி நடந்தது.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

நூல் எல்லார்க்கும் உரியது என்னும் இவ்வெண்ணத்தை ஓர் இயலாகவே வகுத்தவர், 1892இல் தமிழ்நாட்டுச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணிதம் கற்பித்து வந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பதும், படிக்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும் அவற்றின் சாரம்.

அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. நகருக்கு வர இயலாத உழவர்களை நாடி நூல்கள் சிற்றூர்களுக்குச் சென்றன. இன்று நம் நாட்டில் ஊர்திகளில் செல்லும் நடமாடும் நூலகங்களுக்கும் நோக்கம் இதுவே.

ஒருவர் தொடங்கிய நூலகம்

யாழ்ப்பாணத்தில் 1933இல் கே. எம். செல்லப்பா என்பார் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு அது வாடகை அறையில் பொது நூலகமாயிற்று. 1959இல் அழகிய கட்டடம் எழுந்தது. 1981இல் அந்நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. மக்கள் மனம் தளரவில்லை. நூல்கள் மீண்டும் திரட்டப்பட்டன. புதுப்பிக்கப்பட்ட நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. ஓர் இல்லத்தில் முளைத்தது ஒரு சமுதாயத்தின் உடைமையானதால் அழிவையும் கடந்து நின்றது.

நாம் செய்ய வேண்டியவை

ஈப்போவில் உள்ள துன் ரசாக் நூலகத்தைத் தலைமையாகக் கொண்டு பேராக் மாநிலப் பொது நூலகக் கழகம் இயங்குகிறது. ஒன்றை மறவாதீர்கள்: எவரும் எடுக்காத நூல் அலமாரியில் நெடுநாள் நிலைப்பதில்லை; எவரும் கேட்காத மொழியில் புதுநூல் வருவதும் அரிது. தமிழ் நூல்களைக் கேட்டு வாங்கிப் படிப்பது நம் கடமை.

மாணவர்களே, வாரம் ஒரு நூலேனும் வீட்டிற்குக் கொண்டு செல்லுங்கள். படிக்க வாய்ப்பில்லாத பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நாள்தோறும் ஒரு பக்கம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

பெற்றோர்களே, வேலைக் களைப்பிலும் பிள்ளையின் கைப்பிடித்து ஒருமுறை நூலகத்திற்குச் செல்லுங்கள். தோட்டக்கலை, உடல்நலம், கைத்தொழில் குறித்த நூல்கள் உங்களுக்கும் உதவும். பக்கத்து வீட்டாரும் படிக்க விரும்பினால், ஐந்தாறு குடும்பங்கள் கூடி ஒரு சிறு படிப்பகம் தொடங்கலாம். செல்லப்பா அவர்கள் தொடங்கியதும் அவ்வாறு ஒரு வீட்டிலிருந்தே அன்றோ?

பள்ளியின் மணி மாலையில் அடித்து ஓய்கிறது. நூலகமாகிய பள்ளி நமக்காகக் காத்திருக்கிறது. வாருங்கள், கற்போம்!